ஏணியா, தண்ணீர்க் கம்பமா? மாடி ஜன்னல் கண்ணாடிக்கு எது சரி

மாடி ஜன்னல்களின் வெளிப்பக்கத்தைச் சுத்தம் செய்ய இரண்டு வழி உண்டு. பழைய வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஏணியைச் சாத்தி ஏறி, சோப்புத் தண்ணீரால் தேய்த்து, ரப்பர் வைப்பரால் இழுத்து, ஓரங்களைத் துணியால் ஒற்றிவிட்டு இறங்குவது. இன்னொரு வழியில் யாரும் ஏறுவதில்லை. தரையில் நின்றபடி நீளமான கம்பத்தை உயர்த்தி, அதன் நுனியில் இருக்கும் பிரஷ் வழியாகச் சுத்திகரித்த தண்ணீரை விட்டுத் தேய்த்து, அதே தண்ணீரால் அலசி, துடைக்காமலேயே காயவிட்டுப் போய்விடுவார்கள். இதைக் கேட்டதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான், "துடைக்காமல் விட்டால் கறை விழாதா?" சரியான கேள்வி. கம்பம் வாங்கலாமா வேண்டாமா என்பதில் பாதி முடிவு இந்தக் கேள்வியிலேயே இருக்கிறது.

என் பக்கம் எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடிக்கடி சுத்தம் செய்யப்படும், மூன்று நான்கு மாடி வரை உள்ள கட்டடத்தின் வெளிக்கண்ணாடிக்குக் கம்பம்தான். ஆனால் கம்பத்தைப் பற்றி விசாரிக்கிறவர்களில் பெரும்பாலானோர் எத்தனை அடி நீளம், கார்பனா ஃபைபர்கிளாஸா என்று கம்பத்தைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், தண்ணீரைப் பற்றிக் கேட்பதில்லை. உண்மையில் நீங்கள் வாங்கப்போவது ஒரு தண்ணீர் சுத்திகரிப்பு ஏற்பாடு, கம்பம் அதன் கடைசித் துண்டு.

குழாய்த் தண்ணீர் காய்ந்த இடத்தில் வெள்ளைப் புள்ளி விழுவதற்குக் காரணம் அதில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் உப்புகளும் சிலிக்காவும். தண்ணீர் ஆவியாகிவிடும், இவை அப்படியே தங்கிவிடும். எவ்வளவு கரைந்திருக்கிறது என்ற அளவைத்தான் டிடிஎஸ் என்கிறோம், ஒரு லிட்டரில் இத்தனை மில்லிகிராம் என்று கணக்கு, பேச்சில் பிபிஎம். 300 பிபிஎம் உள்ள தண்ணீர் ஒரு கண்ணாடியில் 50 மில்லி அளவுக்கு ஒட்டி நின்று காய்ந்தால் 15 மில்லிகிராம் உப்பு அங்கேயே படியும். அதுவே 5 பிபிஎம் என்றால் கால் மில்லிகிராம், கண்ணுக்கே தெரியாது. 10 பிபிஎம்முக்குக் கீழே இருந்தால் துடைக்காமல் விடலாம் என்பது இந்தத் தொழிலில் பொதுவாக வைத்திருக்கும் எல்லை, கறுப்பு நிறச் சட்டமும் அடர்நிறக் கண்ணாடியும் உள்ள இடங்களில் 0-க்குப் பக்கத்தில் வந்தால்தான் நிம்மதி. அளக்கும் மீட்டர் பேனா அளவில் கிடைக்கிறது, விலையும் பெரிதில்லை. வேறு எதையும் வாங்குவதற்கு முன் அதை வாங்கி உங்கள் குழாய்த் தண்ணீரில் ஒருமுறை முக்கிப் பாருங்கள்.

50, 60 என்று காட்டினால் உங்களுக்கு யோகம்தான். அயனிமாற்ற ரெசின் நிரப்பிய ஒரு உருளை போதும், தண்ணீர் அதற்குள் போய் வெளியே வரும்போது 0 ஆகிவிடும். உள்ளே நடப்பது இதுதான்: ஒரு வகை ரெசின் மணிகள் கால்சியம், மக்னீசியம், சோடியம் அயனிகளைப் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜன் அயனியை விடும், இன்னொரு வகை குளோரைடு, சல்பேட், பைகார்பனேட்டைப் பிடித்துக்கொண்டு ஹைட்ராக்சைடு அயனியை விடும், விட்ட இரண்டும் சேர்ந்தால் தண்ணீர். மின்சாரம் வேண்டாம், கழிவுநீரும் கிடையாது. ஆனால் மணிகளுக்குப் பிடிக்கிற அளவு என்று ஒன்று உண்டு, நிறைந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். தண்ணீரில் உப்பு எத்தனை மடங்கு அதிகமோ அத்தனை மடங்கு சீக்கிரம் ரெசின் தீரும். 400, 500 பிபிஎம் தண்ணீரை நேரடியாக ரெசினுக்குள் விடுகிறவர், ரெசின் வாங்கியே நொந்துபோவார்.

அந்த மாதிரித் தண்ணீருக்கு முன்னால் ஆர்.ஓ. வைக்க வேண்டும். ஆர்.ஓ. சவ்வு கரைந்த உப்பில் ஏறத்தாழ 95 சதவீதத்துக்கு மேல் தடுத்துவிடும், 300 ஆக உள்ளே போவது 15 ஆக வெளியே வரும், மிச்சத்தை ரெசின் பார்த்துக்கொள்ளும். கணக்குப்படி ரெசின் 20 மடங்கு நாள் வரும். பதிலுக்கு இரண்டு தொல்லை. ஆர்.ஓ. ஒரு பங்கு தண்ணீரைக் கழிவாகத் தள்ளும், பல அமைப்புகளில் நல்ல தண்ணீருக்குச் சமமாகவோ அதைவிட அதிகமாகவோ தள்ளும். இரண்டாவது, அது மெதுவாகத்தான் வடிகட்டும், ஆகவே இரவிலேயே தொட்டியில் சேர்த்துவைத்துக் காலையில் எடுத்துப்போகிற பழக்கம் வேண்டும். முன்னால் ஒரு கார்பன் ஃபில்டரும் கட்டாயம், குளோரின் கலந்த தண்ணீர் அந்தச் சவ்வைக் கெடுத்துவிடும்.

வீட்டில் குடிக்கத்தான் ஆர்.ஓ. இருக்கிறதே, அதையே பிடித்துப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. குடிநீர் இயந்திரங்கள் பலவற்றில் ருசிக்காகத் தாது உப்பைத் திரும்பக் கலந்துதான் தருகிறார்கள், மீட்டரை வைத்துப் பார்த்தால் 50-க்கு மேலேயே காட்டும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் டிடிஎஸ் குறைவுதான், உண்மை. ஆனால் அதில் தூசியும் வழவழப்பும் சேர்ந்து வரும், அளவும் போதாது, ஒரு ஜன்னலை அலசிப் பார்க்கலாம், ஒரு கட்டடத்தை அலச முடியாது.

மீட்டரை நம்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டிடிஎஸ் மீட்டர் உப்பை நேரடியாக எடை போடுவதில்லை, தண்ணீரில் எவ்வளவு மின்சாரம் பாய்கிறது என்பதை வைத்துக் கணக்கிடுகிறது. ரெசின் தீரும் தறுவாயில் முதலில் நழுவி வெளியே வருவது சிலிக்கா, அது மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாததால் மீட்டருக்குச் சரியாகத் தெரியாது. மீட்டர் சின்ன எண்ணைத்தான் காட்டுகிறது, கண்ணாடியிலோ புள்ளி விழுகிறது என்றால் பிரஷை மாற்றுவதற்கு முன் ரெசினைச் சந்தேகப்படுங்கள்.

சுத்தமான தண்ணீருக்கு அழுக்கைப் பார்த்தால் பசிக்கும், தானே இழுத்துக்கொள்ளும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். கொஞ்சம் அதிகப்படியான பேச்சு. அழுக்கைப் பெயர்ப்பது பிரஷின் முடிதான், தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போகிறது, போகும்போது தன் பங்குக்கு எதையும் விட்டுவிட்டுப் போவதில்லை. பெருமை அவ்வளவுதான், ஆனால் அதுவே பெரிய விஷயம், ஏனென்றால் சோப்பின் மிச்சம் கண்ணாடியில் இருந்தால் அடுத்த தூசி அதில் வந்து ஒட்டும். இங்கே சோப்பே கிடையாது.

இனி ஏணி. வைப்பரின் கைவேலைக்கு ஈடு கிடையாது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இன்று பயன்படுத்துகிற ஒற்றை ரப்பர் வைப்பரின் அடிப்படை வடிவம் அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியரான எட்டோரே ஸ்டெக்கோன் 1936-ல் காப்புரிமை பெற்றது, அதற்குப் பிறகு பெரிதாக எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் கண்ணாடி இருக்கும்போது பறவை எச்சத்தின் ஓரமும் பெயின்ட் துளியும் தெரியும், நகத்தால் தடவிப் பார்க்கலாம், விட்டுப்போனதை உடனே திரும்பச் செய்யலாம். கீழேயிருந்து கம்பம் பிடிப்பவருக்கு இதெல்லாம் இல்லை, வெயில் எதிரொளியில் அண்ணாந்து பார்த்து ஊகிக்கத்தான் முடியும். தண்ணீர்ச் செலவிலும் ஏணிக்காரர் எங்கேயோ இருக்கிறார். ஒரு வாளியில் ஒரு வீட்டையே முடித்துவிடுவார், கம்பமோ நிமிடத்துக்கு ஒன்று, ஒன்றரை லிட்டர் குடிக்கும், ஆர்.ஓ. கழிவு வேறு தனி. தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள இடத்தில் இது சும்மா ஒதுக்கிவிடக்கூடிய விஷயம் இல்லை, கழிவுநீரைத் தரை கழுவவாவது திருப்பிவிட ஒரு வழி வைத்துக்கொண்டுதான் இதில் இறங்க வேண்டும்.

ஆனால் ஏணியின் சிக்கல் வைப்பரில் இல்லை, ஏணியில்தான். நான்கு அடி உயரத்துக்கு ஓர் அடி வீதம் அடிப்பகுதி சுவரிலிருந்து தள்ளியிருக்க வேண்டும், அதாவது சுமார் 75 பாகைச் சாய்வு. தரை சமமாக இருக்க வேண்டும், ஈரமாக இருக்கக் கூடாது, மேல்முனை கண்ணாடியிலோ மழைநீர்க் குழாயிலோ சாயக் கூடாது. இவற்றையெல்லாம் ஒவ்வொரு ஜன்னலுக்கும் புதிதாகப் பார்க்க வேண்டும், பத்து ஜன்னல் என்றால் பத்து தடவை இறங்கி, நகர்த்தி, சாத்தி, ஏற வேண்டும். யாராவது அப்படிச் செய்கிறார்களா? எட்டிவிடலாம் போலத் தெரிகிற அடுத்த கண்ணாடிக்காக ஒரு காலை எடுத்துவிட்டுப் பக்கவாட்டில் சாய்வதுதான் நடக்கிறது, ஏணி சரிவதும் பல நேரம் அப்போதுதான். நான்கு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தரையில் மோதும் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல்.

அதைவிடப் பெரிய முரண்பாடு ஒன்று இருக்கிறது. ஏணியில் நிற்பவரின் இரண்டு காலும் ஒரு கையும் எப்போதும் ஏணியைத் தொட்டிருக்க வேண்டும் என்பது அடிப்படைப் பாடம். கண்ணாடி வேலையிலோ ஒரு கையில் சோப்பு தேய்க்கும் உறை, இன்னொரு கையில் வைப்பர், இடுப்பில் துணி, கொக்கியில் வாளி. விதியை அப்படியே கடைப்பிடித்தால் வேலை நகராது, வேலையை நகர்த்தினால் விதி நிற்காது. ஏணியில் திறமைசாலி என்று பெயர் வாங்கியவர்கள் பலரும் இந்த விதியைத் தினமும் மீறி, அதுவரை விழாதவர்கள், அவ்வளவுதான். பிரிட்டனில் 2005-ல் வந்த உயரப் பணி விதிகள் முதலில் கேட்பதே, இந்த வேலையை மேலே ஏறாமல் செய்ய முடியுமா என்பதைத்தான். முடியும் என்றால் ஏறக் கூடாது. கண்ணாடி துடைக்கும் வேலையில் அந்தக் கேள்விக்குப் பதிலாகக் கம்பம் ஏற்கெனவே இருந்தது, அங்கே அது வேகமாகப் பரவியதில் ஆச்சரியமில்லை.

அப்படியானால் கம்பத்தில் ஆபத்தே இல்லையா? இருக்கிறது, அது வேறு மாதிரி. முதலாவது மின்கம்பி. அலுமினியமும் மின்சாரம் கடத்தும், கார்பன் ஃபைபரும் கடத்தும். ஃபைபர்கிளாஸ் கடத்தாது என்பது உலர்ந்து சுத்தமாக இருக்கும்வரை மட்டும்தான், நனைந்து அழுக்கான கம்பத்தை நம்பி எந்தக் கம்பிக்குப் பக்கத்திலும் போகக் கூடாது. கட்டடத்தை ஒட்டி மேலே கம்பி ஓடுகிற பக்கத்தைக் கம்பத்தால் செய்யாதீர்கள், உலோக ஏணியாலும் செய்யாதீர்கள், இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. இரண்டாவது, தரையில் கிடக்கும் ஹோஸ். வழியில் போகிறவர் தடுக்கி விழுவார், வழிந்த தண்ணீரில் வழுக்குவார், உறைபனி உள்ள இடங்களில் அந்தத் தண்ணீரே பனிக்கட்டியாகிவிடும். மூன்றாவது உங்கள் தோளும் கழுத்தும். நாள் முழுக்க அண்ணாந்தபடி கம்பம் பிடிப்பது உடம்பைப் பிழிந்துவிடும், இதை விற்பவர் சொல்லமாட்டார்.

கம்பத்தின் பொருள் முக்கியமாவது இங்கேதான். ஒரு மாடிக்கு மேல் போகாதவருக்கு ஃபைபர்கிளாஸ் தாராளமாகப் போதும். அதற்கு மேலே நீட்ட நீட்ட அது தூண்டில் கழி மாதிரி வளையும், நீங்கள் கீழே ஒரு சாண் தள்ளினால் நுனியில் பிரஷ் அசையாமல் நிற்கும். மூன்று மாடி என்றால் கார்பன் ஃபைபர் வேண்டும், எடையும் குறைவு, விறைப்பும் அதிகம், விலை மட்டும் மனதைக் கொஞ்சம் கலக்கும். நான்கைந்து மாடி தாண்டினால் எந்தக் கம்பமானாலும் தேய்க்கும் அழுத்தம் போதாது, பிரஷ் எங்கே இருக்கிறது என்பதும் கண்ணுக்குப் பிடிபடாது. இருபது மீட்டர் எட்டும் கம்பங்கள் விற்கின்றன, எட்டுவது வேறு, சுத்தம் ஆவது வேறு. அந்த உயரத்துக்குக் கயிற்றில் இறங்குபவர்களோ தூக்கு மேடையோதான் சரி, ஏணிக்கு அங்கே வேலையே இல்லை.

தண்ணீரைத் தூக்கிப்போவதும் யோசிக்க வேண்டிய விஷயம். முதுகில் மாட்டும் தொட்டி 20 லிட்டர் என்றால் அதுவே 20 கிலோ, நிற்காமல் விட்டால் இருபது நிமிடத்துக்கு மேல் வராது. சக்கரம் வைத்த தள்ளுவண்டி நல்லது. தொழிலாகவே செய்பவர்கள் வேனில் பெரிய தொட்டி வைத்து, பேட்டரி பம்பில் ஹோஸை இழுத்துப்போகிறார்கள். அப்படி வைத்தால் தொட்டியைத் தளத்தோடு சேர்த்து அசையாமல் பிணைக்க வேண்டும், அரை டன் தண்ணீர் பிரேக் போடும்போது முன்னால் வராமல் இருக்க வெறும் கயிறு போதாது.

கம்பம் தோற்கிற இடங்கள் எவை? புதிதாகக் கட்டி முடித்த கட்டடம். கண்ணாடியில் சிமென்ட் துளி, பெயின்ட், சிலிகான் பசை என்று எல்லாம் ஒட்டியிருக்கும், பிரஷ் அவற்றைத் தடவிக்கொடுக்கத்தான் செய்யும். இதற்குக் கைவேலை, பிளேடு. அதிலும் கவனம் வேண்டும், கடினப்படுத்திய கண்ணாடியில் உற்பத்தியின்போதே நுண்ணிய கண்ணாடித் துகள்கள் ஒட்டியிருக்கலாம், பிளேடு அதைப் பெயர்த்து இழுத்தால் கண்ணாடி முழுக்கக் கீறல் விழும். மேற்பூச்சு போட்ட கண்ணாடியில் பிளேடைத் தொடவே வேண்டாம். அடுத்தது, வருஷக்கணக்கில் உப்புத் தண்ணீர் பட்டுப் படிந்த வெள்ளைப் படலம். சுத்தத் தண்ணீர் புதுக்கறை விழாமல் பார்த்துக்கொள்ளும், பழைய கறையைக் கரைக்காது. அதற்கு மென்மையான அமிலம் கலந்த கறைநீக்கியோ மெருகுப் பொடியோ வேண்டும், கண்ணாடியே அரித்துப்போயிருந்தால் அதுவும் பலிக்காது. வெளிப்பக்கம் கிரில்லோ கொசுவலையோ இருந்தால் பிரஷ் கண்ணாடியைத் தொடவே தொடாது. ஓரம் விட்டுப்போன பழைய மரச்சட்ட ஜன்னல்களில் தண்ணீர் உள்ளே கசியும். உள்பக்கக் கண்ணாடிக்கு எப்போதும் வைப்பர்தான், அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

இதற்கெல்லாம் நடுவில் நிறையப் பேர் ஏமாறும் இடம் முதல் கழுவல். பல வருஷம் தொடாத ஜன்னலில் மேல்சட்டத்தின் இடுக்கிலும், ரப்பர் ஓரத்திலும், மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடிலும் அழுக்கு அடைந்து கிடக்கும். கண்ணாடியை எவ்வளவு அருமையாக அலசினாலும் ஐந்து நிமிஷம் கழித்து மேலிருந்து ஒரு துளி அழுக்கோடு இறங்கி வந்து கோடு போட்டுவிடும், உடனே தண்ணீர் சரியில்லை, முறையே சரியில்லை என்று பேச்சு வரும். சட்டத்தின் மேல்பகுதியை முதலில் நன்றாகத் தேய்த்து அலசி, அடுத்த ஜன்னலுக்குப் போய்விட்டு, வடிந்து முடிந்த பிறகு திரும்பி வந்து கண்ணாடியை அலசுவதுதான் வழி. சில கண்ணாடியில் தண்ணீர் விரிப்பு போலப் பரந்து இறங்கும், சிலதில் முத்து முத்தாக நிற்கும். முத்தாக நிற்கிற கண்ணாடிக்கு அலசல் கூடுதலாக வேண்டும், முத்துக்குள் மாட்டிய அழுக்கு அங்கேயே காய்ந்துவிடும். வெயிலில் மங்கிப்போன பெயின்ட் சட்டம் இருந்தால் தேய்க்கத் தேய்க்கச் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை இறங்கிக்கொண்டே இருக்கும், அங்கே சட்டத்தை ஈரத்துணியால் கைவேலையாகவே செய்ய வேண்டியிருக்கும்.

ஆகவே செலவை யோசிக்கும்போது இப்படிப் பாருங்கள். ஏணியும் வைப்பரும் ஒருமுறை வாங்கினால் தீர்ந்தது, ரப்பர் மட்டும் மாற்ற வேண்டும். கம்பத்துக்கு முதலிலும் செலவு, பிறகு ரெசினுக்கும் ஃபில்டருக்கும் தொடர்ந்து செலவு. அந்தப் பணம் திரும்பி வருவது வேகத்தில், ஏணியைத் தூக்கி நகர்த்தும் நேரமும், அதைப் பிடித்துக்கொள்ளும் இரண்டாவது ஆளும் மிச்சமாவதில். சொந்த வீட்டு ஜன்னலை வருஷத்துக்கு இரண்டு தடவை கழுவுகிறவர் இத்தனையும் வாங்குவது வீண், கம்பம் வைத்திருப்பவரை அழைப்பதே லாபம். தரைத்தளமும், பால்கனிக்குள் நின்று எட்டுகிற ஜன்னலும் மட்டுமே உள்ளவருக்கு நீளக்கைப்பிடி வைப்பரே போதும், இரண்டும் வேண்டாம். தினமும் இதே வேலையாக இருக்கிறவருக்கு, அல்லது பள்ளிக்கூடம், அலுவலகம் மாதிரி நிறையக் கண்ணாடியை மாதாமாதம் பராமரிப்பவருக்கு, யோசிக்க ஒன்றுமில்லை. முதல் தடவை ஒட்டியிருப்பதைச் சாரமோ தூக்கு மேடையோ போட்டுக் கைவேலையாக எடுத்துவிட்டு, அப்புறம் கம்பத்துக்கு மாறிவிடுங்கள்.

ஆள் வைத்துச் செய்யப்போகிறீர்கள் என்றால் வேலை தொடங்கும் முன் பிரஷிலிருந்து வரும் தண்ணீரில் மீட்டரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். தொட்டியில் நேற்று அளந்தது உதவாது, பிரஷிலிருந்து இப்போது வருவதை அளக்க வேண்டும். 20, 30 என்று காட்டினால் அன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடலாம். மேல்சட்டத்தையும் தேய்ப்பாரா, கண்ணாடியை மட்டும் நனைத்துவிட்டுப் போவாரா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள், விலை குறைத்துச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அதைத்தான் விட்டுவிடுவார்கள். முடிந்ததும் உடனே பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், நனைந்த கண்ணாடி எப்போதும் கறை உள்ளது போலத்தான் இருக்கும். முழுக்கக் காய்ந்த பிறகு உள்ளே போய் வெளிச்சத்துக்கு எதிராகப் பாருங்கள். பரவலாகப் புள்ளி இருந்தால் தண்ணீரின் கோளாறு. மேலிருந்து கீழே கோடாக இறங்கியிருந்தால் அலசலின் கோளாறு, அவரையே கூப்பிட்டு அந்த ஜன்னலை மட்டும் இன்னொரு தடவை அலசச் சொன்னால் போதும்.